மன்னாருக்குத் திரும்பி வந்த மேகா

ஐப்பசி மழைக் காலத்தில் நம்ம லயத்துப் பக்கம் ஆறுமணிக் குருவி கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். சித்திரை வந்தால் ஆளைக் காணோம். குஞ்சு பொரிக்க இந்தியாவுக்குத் திரும்பிவிடும். அது நமக்கு வருஷா வருஷம் வந்து போகிற விருந்தாளி.

இப்படி வரும் பறவைகளுக்கு மன்னார் ஒரு முக்கிய வாசல். நம் பாட்டன் பூட்டன்மாரும் அந்தக் கரையில் இறங்கித்தானே, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்? வழியிலேயே செத்தவர்கள் எத்தனை பேர்!

சரி, பறவை போகும் வழி மனிதனுக்கு எப்படித் தெரியும்? கொழும்புப் பல்கலைக்கழக உயிரியல் ஆய்வாளர் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவர் குழுவும் 2021இல் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து, சிறிய கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். பறவை இருக்கும் இடத்தை அந்தக் கருவி அறிவித்துக்கொண்டே இருக்கும். பாரம் கூடினால் பறவைக்குக் கஷ்டம். அதனால் கருவியின் எடை, பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. ஒரு கிலோ பறவைக்கு 30 கிராம்தான். கொழுந்து சுமக்கிற நமக்கு இது நன்றாக விளங்கும்.

‘மேகா’ என்று பெயர் வைத்த கடற்காகம் இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ருஷ்யாவின் வடகோடிப் பனிப் பிரதேசத்துக்கே போய்விட்டது. அதே வருடம் மன்னாருக்குத் திரும்பியும் வந்தது! போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். உலகத்தையே பாதி சுற்றி வந்த மாதிரி.

அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் பறவைகளுக்கு இரை தருவது மன்னார்க் கடலும் சேற்று நிலங்களும்தான். சும்மா கிடக்கிற சகதி என்று நாம் நினைப்பதற்குள் புழுவும் நத்தையும் இறாலும் நிறைந்திருக்கும். வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமானது. 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் 2020இல் மன்னார்த் தீவில் 30 பெரிய காற்றாலைகள் எழுந்தன. மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும்தான். என்றாலும் சுழலும் இறக்கையிலும் மின்கம்பியிலும் பறவைகள் மோதிச் சாகும். எந்த இடத்தில் கோபுரம் நட்டால் சேதம் குறையும் என்று பார்க்க, மேகா போன்ற பறவைகள் காட்டிய வழி உதவும்.

காலில் வளையமோ முதுகில் கருவியோ உள்ள பறவை தோட்டத்தில் விழுந்து கிடந்தால் அதைக் கழற்றாதீர்கள். வளையத்தில் உள்ள இலக்கத்தைக் குறித்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.