ஆளரவமற்ற கடற்கரை

நம் பாம்பூஃப்ளாட் துறைக்கு எதிரே சாத்தம் தீவு உள்ளது. அத்தீவு வழியாகப் படகில் வந்துபோகும் நாம், சுற்றுலாப் பயணிகள் கார்பின்ஸ் கோவ், நார்த் பே, ராதாநகர் ஆகிய கடற்கரைகளிலேயே பெரிதும் கூடுவதை அறிவோம். போக்குவரத்தும் உணவுக்கடையும் உள்ள கரையில் கூட்டம் சேரும். இவை குறைந்த கரை அமைதியாக இருக்கும். 2021 வரை மவுண்ட் ஹேரியட் எனப்பட்ட மவுண்ட் மணிப்பூர் காட்டின் வழியே, மதுபன் கடற்கரையை நோக்கி நடைபாதை ஒன்று இறங்குகிறது. நடந்தே சேரவேண்டிய கரைக்குச் செல்வோர் சிலரே.

ஆனால், அமைதியான கரை என்பதாலேயே அது பாதுகாப்பான கரை ஆகிவிடாது. அங்கே உயிர்காப்பாளர் இல்லை. ஆகவே மூன்றினை முதலில் நோக்க வேண்டும்.

ஒன்று, கழி. கடலோடு கலக்கும் உப்புநீரோடையை நெய்தல் நில மக்கள் 'கழி' என்றனர். அலையாத்தி மரங்கள் அடர்ந்த கழிகளில் செம்மூக்கு முதலைகள் வாழ்கின்றன. கழிமுகத்திற்கு அருகே நீரில் இறங்குதல் கூடாது.

இரண்டு, ஓதம். இங்குக் கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை இறங்கும். நீர் வற்றியபோது நடந்து சென்ற பாறைவழி, நீர் ஏறியபின் மறைந்துவிடும். திரும்பும் நேரத்தை முன்னரே கணித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, மேட்டுநிலம். 26.12.2004 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தால் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலையும் தொடர்ந்து வந்தது. நிலம் வலுவாகவோ நெடுநேரமோ அதிர்ந்தால், எவருடைய அறிவிப்பிற்கும் காத்திராமல் மேட்டில் ஏறுக. தனித்த கரையில் எச்சரிக்க எவரும் இரார்.

ஆளற்ற கரை உயிரற்ற கரையும் அன்று. கடலாமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடும். விளக்கொளி அவற்றை வழிதவறச் செய்யும். பவளப்பாறைகளை எடுப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது பழமொழி. அக்கொடியே மணலைப் பிணித்துக் கரையைக் காக்கிறது, அதனைப் பிடுங்காதீர்.

பெரியவர் துணையுடன் செல்லுங்கள். கொண்டுசென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சொற்பொருள்
ஆளரவம் – மனிதர் நடமாட்டத்தின் ஒலி
ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
மிடுக்கு – வலிமை

சிந்தித்து எழுதுக
1. கழிமுகத்தில் நீராடுதல் ஏன் கூடாது?
2. நீங்கள் அறிந்த கடற்கரை ஒன்றில் ஏறி ஒதுங்கத்தக்க மேட்டுநிலம் எங்குள்ளது? பெற்றோரிடம் கேட்டு, வழியை வரைந்து காட்டுக.