தேனீக் குடும்பம் – 11: சுண்ணாம்புப் புழுநோய்

சென்ற வாரம் விவரித்த அழுகல் நோயைப் படித்துக் கலங்கியிருக்கும் வாசகர்களுக்கு, இவ்வாரம் எடுத்துக்கொண்ட வியாதி அத்தனை கொடியதன்று என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்தை அடியோடு துடைத்தெறியும் உக்கிரம் இதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆயினும் பூக்கள் மலர்ந்து மது பெருகப்போகும் வசந்தகாலத் துவக்கத்தில், அந்த மதுவைச் சேகரிக்க வேண்டிய தலைமுறையைப் பிறக்கும் முன்னரே குறைத்துவிடுவதனால், குளிர்தேசங்களில் தேனீ வளர்ப்போர் இதை அலட்சியம் செய்வதில்லை.

குளிர் நீங்காத ஒரு காலை வேளையில் பெட்டியின் வாயிற்பலகையில் வெள்ளைத் துணுக்குகள் சில சிதறிக் கிடக்கும். வகுப்பறைக் கரும்பலகையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் போலவே இருக்கும் அவை, உண்மையில் இறந்து காய்ந்த புழுக்கள். சில தூய வெண்மையாகவும் சில சாம்பல் பூத்தும் சில கறுத்தும் இருக்கும். பெட்டியைத் திறந்து, நோய் முற்றிய அடையொன்றைச் சட்டத்தோடு தூக்கி மெல்ல அசைத்தால், மெழுகு மூடிகளுக்குள்ளே காய்ந்த சடலங்கள் கலகலவென்று ஒலிப்பதைக் காதாலேயே கேட்கலாம். சென்ற வாரம் கண்ட நோயில் இறந்த புழு கண்ணறையின் சுவரோடு பொருக்காக ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் பெயராமல் கிடக்கும். இதிலோ, அறையைக் கவிழ்த்துத் தட்டினாலே விழுந்துவிடும். இந்த ஒரு வேற்றுமையை அறிந்தவன் வீண் பீதியினின்று தப்பித்துக்கொள்வான்.

இதற்குக் காரணம் ஒரு பூசணம். 1913ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மாசன் என்பார் இதனை முதன்முதலாக விவரித்தார். அஸ்கோஸ்பேரா ஏபிஸ் என்ற இன்றைய பெயர் 1955இல் ஏற்பட்டது. செவிலித் தேனீக்கள் ஊட்டும் ஆகாரத்தோடு இதன் வித்துகள் புழுவின் வயிற்றை அடைந்து, அங்கே முளைத்து, புழு தின்று கொழுத்து மெழுகு மூடிக்குள் அடைபட்டபின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளிவருகின்றன. அப்போது புழு வெண்பஞ்சாய் உப்பி, தான் கிடக்கும் அறுகோண அறையின் வடிவத்தையே எடுத்து, பிறகு வற்றிச் சுருங்குகிறது. இப்பூசணத்தில் இருபாலைப் போன்ற இரண்டு இனங்கள் உண்டு. ஓரினம் மட்டுமே குடிபுகுந்த சடலம் வெண்மையாகவே நின்றுவிடும். இரண்டும் ஒன்றில் சந்தித்தால்தான் வித்துப்பைகள் தோன்றிக் கருநிறம் படியும். ஆகவே வாயிலில் கிடப்பவற்றுள் அஞ்சத்தக்கது கறுப்பே. அதன் வித்துகள் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் முளைக்கும் வல்லமை உடையவை.

இவ்வளவு நெடுங்காலம் காத்திருக்கும் சத்துரு எங்கும் நிறைந்திருக்க, எல்லாக் குடும்பங்களும் ஏன் நோயுறுவதில்லை? இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லெஸ்லி பெய்லி என்பவரின் சோதனைகள் இதற்கு விடை தந்தன. தேனீக்கள் தம் புழுக்களை 34, 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் காத்து வளர்க்கின்றன. வித்தை உண்ட புழு, மூடி இடப்பட்ட தருணத்தில் சிறிது நேரம் 30 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துபோனாலும், பூசணத்துக்கு அதுவே போதுமான அனுகூலமாகிவிடுகிறது. வசந்தத்தில் ராணி முட்டைகளை வேகமாக இட்டுக்கொண்டே போக, அவற்றைப் போர்த்திக் காக்கும் முதிர்ந்த தேனீக்களின் தொகை அதற்கு ஈடுகொடாமல் பின்தங்கும்போது, அடையின் ஓரத்திலுள்ள புழுக்கள் குளிரில் விடப்படுகின்றன. ஆண் தேனீப் புழுக்கள் பெரும்பாலும் அவ்வோரங்களிலேயே வளர்வதால் நோய் அவற்றிடமே முதலில் தலைகாட்டுவதுண்டு.

தேனீக்களும் இதை அறியாதவை அல்ல என்று எண்ணத் தோன்றுகிறது. பிலிப் ஸ்டார்க்ஸ், தாமஸ் சீலி முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த வித்துகளை ஆகாரத்தில் பெற்ற குடும்பங்கள், ஒரு புழுவும் சாவதற்கு முன்னரே அடையின் உஷ்ணத்தை உயர்த்திக்கொண்டதைக் கண்டார்கள். தனி உடலுக்கு வரும் ஜுரத்தை ஆயிரக்கணக்கான உடல்கள் கூடி உண்டாக்கிக்கொள்வது சிருஷ்டியின் விசித்திரங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜுரத்தையும் மீறி நோய் பரவினால், குடும்பத்தைக் காப்பது அதன் துப்புரவுக் குணம். நோயுற்ற புழுவை மூடியின் மேலிருந்தே உணர்ந்து, மூடியைக் கடித்துத் திறந்து, சடலம் கறுக்குமுன் இழுத்து வெளியே எறிவதே அக்குணம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வால்ட்டர் ராத்தன்புலர் என்பவர், அழுகல் நோயை வைத்து இதை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார். துப்புரவான வமிசத்தையும் அசிரத்தையான வமிசத்தையும் கலந்து, கலப்பினத்தை மறுபடியும் துப்புரவான வமிசத்தோடு சேர்த்து அவர் உண்டாக்கிய 29 குடும்பங்களில், ஆறு இரு காரியங்களையும் செய்தன; ஒன்பது மூடியை மட்டும் திறந்துவிட்டுச் சடலத்தைத் தீண்டாமல் விட்டன; எஞ்சிய பதினான்கோ மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவற்றின் மூடிகளை அவர் தம் கையாலேயே திறந்துவிட்டபோது, ஆறு குடும்பங்கள் சடலங்களை உடனே இழுத்தெறியத் தொடங்கின! திறக்கும் குணமும் எறியும் குணமும் தனித்தனியே வழிவழி வருவன என்று அவர் முடிவு செய்தார். பின்வந்தோர் பல மரபணுக்களுக்கு இதில் பங்குண்டு என்று காட்டியிருந்தாலும், அந்தச் சோதனையின் அழகு குன்றவில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மார்லா ஸ்பிவாக், அடையில் ஒரு வட்டத்தைத் திரவ நைட்ரஜனால் உறையச் செய்து, இறந்த புழுக்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு நாட்களுக்குள் அகற்றும் குடும்பங்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்தே ராணிகளை வளர்க்கும் முறையைப் பரப்பினார்.

ஆகையால் இந்நோய்க்கு ஔஷதம் தேடிக் கடைக்கு ஓடுவதில் பிரயோஜனமில்லை என்பதே என் அபிப்பிராயம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பூசணத்தை ஒன்றும் செய்யா. பெட்டியை மேட்டில், வெயில் படும்படி, மழைநீர் வழிந்தோட முன்புறம் சற்றே தாழ்த்தி வைக்க வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். தேனீக்கள் நிறைக்க முடியாத வெற்றிடத்தைத் தடுப்புப்பலகை வைத்துக் குறைக்க வேண்டும். நோயுற்ற அடைகளை நல்ல பெட்டிக்கு மாற்றலாகாது. கறுத்த பழைய அடைகளை உருக்கிவிட வேண்டும். அறியாத இடத்து மகரந்தத்தை வாங்கி ஊட்டலாகாது. குளிர்நாளில் நோயைப் பார்க்கிறேன் என்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர், அந்நோய்க்கே துணைபோகிறார்.

இத்தனையும் செய்தும் நோய் தணியாவிடில் ராணியை மாற்றுவதே சிறந்த பரிகாரம். ஆனால் புதிய ராணி இட்ட முட்டை பணித் தேனீயாக வெளிவர 21 நாட்கள் ஆகும். பழைய ராணியின் மக்களோ, வேலை மிகுந்த பருவத்தில் சுமார் ஆறு வாரங்கள் ஜீவித்திருப்பார்கள். இரண்டாம் வாரத்தில் வாயிலில் வெள்ளைத் துணுக்குகளைக் கண்டதும் புதிய ராணியைச் சபித்து, அவளை விற்றவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அந்நாளில் அடையைத் துப்புரவு செய்துகொண்டிருப்பவர்கள் அவளுடைய மக்களே அல்லர்.

(தொடரும்)