கூட்டலும் வசனக் கணக்கும்

எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டதும் பதின்மூன்று எனத் தயங்காது கூறும் பிள்ளை, அதே எண்கள் இரண்டு வசனங்களுக்குள் வந்துவிட்டால் திகைத்து நிற்கின்றது. "கூட்டுவதா, கழிப்பதா?" என்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்கின்றது. கணக்கு வராத பிள்ளை என்று வீட்டிலே அதற்குப் பெயரும் சூட்டிவிடுகின்றனர். ஏழு வயதிற் சூட்டப்படும் அப்பெயர் எளிதில் நீங்குவதன்று. உண்மையிலோ அப்பிள்ளைக்குக் கணக்கு வருகின்றது. சொல்லப்பட்ட செய்தியே அதற்கு விளங்கவில்லை.

கூட்டல் பிள்ளையின் உள்ளத்திற் படிப்படியாகவே வளர்கின்றது. 3 உம் 5 உம் எத்தனை என்று கேட்டால், தொடக்கத்தில் அது மூன்று விரலை எண்ணி, ஐந்து விரலை எண்ணி, பின்னர் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணும். சில காலத்தின் பின் மூன்றை மனத்தில் வைத்து நான்கு, ஐந்து, ஆறு என மேலே எண்ணும். பின்னர், பெரிய எண்ணாகிய ஐந்திலிருந்து தொடங்கினால் வேலை குறைவு என்பதைப் பல பிள்ளைகள் எவரும் சொல்லாமலே கண்டுகொள்ளும். ஆகவே விரல்விட்டு எண்ணும் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது நன்றன்று. அது ஏறிக்கொண்டிருக்கும் படியை உடைப்பதாகும். 8 உம் 5 உம் என்ற இடத்தில் ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்து, எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்க்கக் கற்ற பிள்ளைக்கு விரல் தானாகவே தேவையற்றுப் போகும்.

பத்தாக்கும் இப்பழக்கத்திற்குத் தமிழ் எண்ணுப்பெயர்கள் பெருந்துணை செய்கின்றன. பதினான்கு என்ற சொல்லிலே பத்தும் நான்கும் வெளிப்படையாகக் கேட்கின்றன. இருபத்துமூன்றிலே இரண்டு பத்தும் மூன்று ஒன்றும் கேட்கின்றன. ஆங்கிலத்தின் இலெவன், டுவெல்வ் என்னும் சொற்களில் இவ்வசதி இல்லை. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மாத்திரமே நம் பிள்ளைகளை மயக்குவன. எண்பத்தொன்பதின் பின் 'ஒன்பதுபது' என்று ஒரு பிள்ளை சொல்லுமாயின், அது ஒழுங்கை நன்கு உணர்ந்துவிட்டதென்றே கொள்ளல் வேண்டும், பிழை எண்ணுப்பெயரினது! ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து 28 ஐயும் 17 ஐயும் சேர்க்கச் சொன்னால், எட்டும் ஏழும் பதினைந்தாகி, அதில் ஒரு புதிய கட்டு உருவாவதைப் பிள்ளை கண்ணாற் காணும். தாளில் மேலே எழுதப்படும் அந்த 1, ஒன்றன்று, ஒரு பத்து என்பது அப்போதுதான் தெளிவாகும்.

இனி வசனக் கணக்கு. பேருந்திலே 7 பேர் இருந்தனர், தரிப்பிடத்தில் 5 பேர் ஏறினர் என்ற கணக்கு எளிது. நிகழ்ச்சி கண்முன் நிற்கின்றது. ஒப்பிடும் கணக்கே கடினமானது. "கமலாவிடம் 8 மாம்பழங்கள் உண்டு. அது கண்ணனிடம் உள்ளதிலும் 3 கூட. கண்ணனிடம் எத்தனை?" என்று கேட்டால், பல பிள்ளைகள் பதினொன்று என்பர். 'கூட' என்ற சொல் காதில் விழுந்ததும் கை கூட்டிவிடுகின்றது. கூடுதலும் கூட்டலும் ஒரே வேரிற் பிறந்த சொற்களாதலின் இம்மயக்கம் தமிழிலே இன்னும் வலியது. "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று சொற்பட்டியல் கொடுத்துப் பயிற்றுவோர் இக்கண்ணிக்குள் பிள்ளையைத் தாமே தள்ளுகின்றனர். யாரிடம் அதிகம் என்று மட்டும் முதலிற் கேட்டிருந்தால் போதும்; கமலாவிடம் என்று சொன்ன பிள்ளை கண்ணனுக்குப் பதினொன்று கொடுக்காது.

வாசியாது எண்களை மாத்திரம் பொறுக்கியெடுக்கும் வழக்கம் எத்துணை ஆழமானது என்பதைப் பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1979 ஆம் ஆண்டளவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பற்றலைவனின் வயது என்ன என்று கீழ்வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்கப்பட்டது. அவர்களுள் 76 பேர் அவ்வெண்களைக் கொண்டே வயதைக் கணித்துவிட்டனர். அப்பிள்ளைகள் அறிவிலிகள் அல்லர். கணக்கென்று கொடுத்தால் அதற்கு விடை இருக்கும், தந்த எண்களை எல்லாம் பயன்படுத்தல் வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லாமற் சொன்ன பாடத்தை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தனர்.

பயிற்சிப் பக்கத்தின் தலைப்பிலே 'கூட்டல்' என்று எழுதியிருக்கும்போது எந்தப் பிள்ளைதான் வசனத்தை வாசிக்கும்? கூட்டலும் கழித்தலும் கலந்து, தேவையற்ற எண்ணொன்றும் இடையிடையே வருமாறு கணக்குகள் அமைதல் வேண்டும். எண்களை மறைத்துக் கதையை மாத்திரம் முதலிற் சொல்வது வீட்டிலும் செய்யக்கூடியது: "அம்மா கடையிற் சில முட்டை வாங்கினாள், வரும் வழியிற் சில உடைந்தன." இப்போது முட்டைகள் கூடினவா, குறைந்தனவா என்று பிள்ளை சொல்லட்டும், எண்கள் பின்னர் வரலாம். அதன்பின் 8, 5, 13 என்னும் மூன்று எண்களைக் கொடுத்து, அவை மூன்றும் வரும் கதையொன்றைப் பிள்ளையையே கட்டச் சொல்லலாம். சில பிள்ளைகள் எட்டோடு ஐந்தைச் சேர்க்கும். வேறு சில பதின்மூன்று மாங்கொட்டையை வைத்துக்கொண்டு ஐந்தைத் தொலைத்துவிட்டு வரும். அவ்விரு கதைகளையும் அருகருகே எழுதிவைத்து, இரண்டிலும் எண்கள் மூன்றும் ஒன்றாயிருப்பது ஏன் என்று கேட்டால், கூட்டலுக்கும் கழித்தலுக்கும் உள்ள உறவைப் பற்றி வகுப்பிலே பேச்சுத் தொடங்கிவிடும்.