பூஞ்சையை விரட்டும் ஜெல்

பிச்சாவரம் போயிருக்கிறீர்களா? சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் எல்லோரும் மரங்களின் வேர்களையே பார்ப்போம். அடுத்த முறை தண்ணீரையும் பாருங்கள். நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களைக் காணலாம். மணிக்கணக்கில் ஈரம், கரையேறினால் புழுக்கம். கால்விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் பூஞ்சை குடியேற இதைவிட என்ன வசதி வேண்டும்? படர்தாமரை என்று நாம் சொல்வது அத்தகைய பூஞ்சையின் வேலைதான். (வியர்வையில் நனைந்த சட்டையோடு மாலை முழுதும் விளையாடும் உங்களையும் அது விட்டுவைக்காது!)

குளோட்ரைமசோல் போன்ற மருந்துகள் பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் உருவாகாமல் தடுக்கின்றன. நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்டிரால். ஆகவே நாம் தப்பிக்கிறோம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மருந்தை எதில் கலந்து பூசுவது?

படர்தாமரைப் பூஞ்சை, தோலின் மேலேயுள்ள இறந்த செல்களின் அடுக்கில் இருந்துகொண்டு, அங்குள்ள கெராட்டின் என்னும் புரதத்தைத் தின்கிறது. உடலின் பெரும்பகுதியில் அந்த அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. மருந்து அதற்குள் புக வேண்டும். ஆனால் அதைத் தாண்டி இரத்தத்துக்குப் போய்விடக் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ஈரத்தை உள்ளேயே மூடிவைக்கும். வியர்க்கும் இடுக்குகளுக்கு அது ஏற்றதல்ல. இங்கேதான் ஜெல் உதவுகிறது.

நூறு கிராம் ஜெல்லில் கார்போமர் என்னும் பொருள் ஒரு கிராம் இருந்தாலே போதும். மீதி பெரும்பாலும் நீர். இதெப்படி? கார்போமரின் நீண்ட மூலக்கூறுகள் முதலில் நூலுருண்டை போலச் சுருண்டிருக்கும். சிறிது காரம் சேர்த்ததும் அவற்றில் எதிர் மின்னேற்றம் தோன்றுகிறது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? உருண்டைகள் விரிந்து, வலைபோலப் பின்னி, நீரைச் சிறைப்பிடித்து விடுகின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கை சுத்தம் செய்யும் ஜெல் குப்பியில் கார்போமர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்குங்கள். (அதில் ஆல்கஹால் உண்டு. அடுப்பருகே வேண்டாம்!) கெட்டியாக இருந்தது நீராக ஓடும். உப்பின் சோடிய அயனிகள் மின்னேற்றத்தை மறைத்துவிட, மூலக்கூறுகள் மறுபடி சுருண்டுகொள்கின்றன.

வியர்வையிலும் உப்பு உண்டு. பிச்சாவரத்து நீரிலோ கேட்கவே வேண்டாம். எனவே உப்பில் உழைப்பவருக்கு, மின்னேற்றமில்லாத செல்லுலோஸ் வகை ஜெல் பொருத்தமாக இருக்கலாம். அதுவும் நீரில் கழுவிப் போகக்கூடியதே. ஆகவே வேலை முடிந்து, குளித்து, நன்றாகத் துடைத்த பிறகே பூச வேண்டும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இம்மருந்துகள் பல நீரில் கரையாதவை. ஆல்கஹாலில் கரைத்துச் சேர்த்தால், வெடித்த தோலில் எரியும். எரியும் மருந்தை யார் தினமும் பூசுவார்கள்?

பூசுவதை நடுவில் நிறுத்திவிடுவது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசுவது. அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். டெர்பினாஃபைன் மருந்துக்குப் பெரும்பாலும் மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை, இந்தியாவின் பெயரைத் தாங்கியே 2020-இல் பெயரிடப்பட்டது. அதன் பரவலுக்கு இக்களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே புதிய மருந்துகளைத் தேட வேண்டியிருக்கிறது. பூனாவுக்கு அருகே பிம்ப்ரியின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து, திருமலாச்சாரும் அவருடைய குழுவினரும் 1961-இல் ஹாமைசின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கண்டறிந்தார்கள். அதே குடும்பத்து நுண்ணுயிர்கள் பிச்சாவரத்துச் சேற்றிலும் உண்டு. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து, பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றனவா என்று தட்டுகளில் சோதித்து வந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று மருந்தாகத் தேறினாலும், அதை எதில் கலந்து பூசுவது என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.