பெட்டியை உருட்டி வந்த கண்டுல

1850 மே மாதம் நியூயோர்க் துறைமுகத்தில் இருந்து றெகாட்டா என்ற பாய்க்கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்தில் இங்கே வந்த கப்பல்கள் கறுவா ஏற்றும், கோப்பி ஏற்றும். றெகாட்டா வந்ததோ யானை ஏற்ற. ஒரு பன்னிரண்டு யானையாவது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் பி. ரி. பார்னம். ஊர் ஊராக வேடிக்கை காட்டியே பெரும் பணம் சேர்த்த அமெரிக்கர் அவர்.

சுயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதற்கு முன் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரவும் வேண்டும், போகவும் வேண்டும். மாதக்கணக்கான கடற்பயணத்தில் யானைக்குத் தீனிக்கு எங்கே போவது? பார்னத்தின் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இலங்கைக்கு வரும்போதே உலர்ந்த புல்லை ஏற்றிவந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் சென் ஹெலினா தீவில் இறக்கி வைத்தார்கள். தண்ணீர்ப் பீப்பாய் செய்யும் பலகைகளையும் வளையங்களையும்கூட அங்கேயே விட்டுவந்தார்கள். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

புல் மட்டும் 500 தொன் என்று பார்னம் எழுதி வைத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தின்னும். பத்து யானை என்றால் 1,500 கிலோ, அதாவது ஒன்றரைத் தொன். அப்படிப் பார்த்தால் 500 தொன் 333 நாளைக்குக் காணும்! ஒன்றில் பயணம் எத்தனை நாள் இழுக்குமோ என்று பயந்திருக்க வேண்டும், அல்லது கணக்கை ஊதிச் சொல்லியிருக்க வேண்டும். ஊதிச் சொல்வதில் அவர் பேர்போனவர்.

யானைக்கு ஏன் இவ்வளவு தீனி? உடம்பு பெரிசு என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாடு போல அசைபோடும் வயிறு யானைக்கு இல்லை. தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே போய்விடும். யானை லத்தியைக் கிளறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நார் நாராக, சில வேளை முளைக்கக்கூடிய விதைகளோடு கிடக்கும். ஆகவே ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் அதற்குத் தின்பதுதான் வேலை.

கொழும்பிலும் கண்டியிலும் கேட்ட அளவு யானை கிடைக்கவில்லை. பார்னத்தின் முகவர்களான ஜூன், நட்டர் என்ற இருவரும் 160 பேரைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் பெரிய மரங்களை நட்டு அடைத்த பட்டிக்குள் காட்டு யானைக் கூட்டத்தைத் துரத்தி அடைக்கப் பார்த்தார்கள். இதில் பல யானைகளைச் சுட்டுக் கொன்றும் போட்டார்கள். பிடிபட்டவை 13 யானை, அவற்றோடு ஒரு தாயும் அதன் ஆறு மாதக் குட்டியும் என்கிறார் பார்னம். 1851இல் நியூயோர்க்கில் போய் இறங்கியவை 10.

அந்தக் காலத்தில் யானை சுடுவது இங்கே குற்றமாக இருக்கவில்லை. பிரித்தானிய அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைக்குச் சன்மானம் வாங்கியிருக்கிறார்கள். இதை எழுதியவர் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற். பிற்காலத்தில் நாடு முழுவதிலும் எத்தனை யானை இருந்தது தெரியுமா? 2011 கணக்கெடுப்பில் 5,879.

ஒரு துப்பாக்கியும் இல்லாமல் யானை பிடித்தவர்கள் நம்முடைய கிழக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஏறாவூர்ப் பணிக்கர்மாரைப் பற்றி வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். யானை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகச் செய்த முஸ்லிம்கள் அவர்கள். கிழக்கிலும் வடக்கிலும் இருந்த இப்படிப்பட்ட பணிக்கர்மாரைப் பார்த்து ரெனன்ற் வியந்து எழுதியிருக்கிறார். மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த வார்க்கயிறுதான் அவர்களுடைய ஆயுதம். காற்று யானையின் பக்கமிருந்து தங்கள் பக்கம் வீசுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போவார்கள். ஆறுதலாக நிற்கும் யானை காலை மாறி மாறித் தூக்கும், ஆட்டும். பின்னங்கால் எழும்புகிற அந்தக் கணத்தில் சுருக்கை நுழைத்துவிட்டு, மற்ற நுனியை மரத்தில் கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் போதும் இந்த வேலைக்கு!

கிட்டப் போவதற்கு முன்பே அது எவ்வளவு பெரிய யானை என்று தெரிய வேண்டுமே. அதற்குக் காலடி போதும். முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அந்த நீளத்தை இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். தடத்தின் சுற்றளவு 120 சென்ரிமீற்றர் என்றால் யானை 240 சென்ரிமீற்றர் உயரம். படுவான்கரையில் மழை பெய்து விட்ட மறுநாள், வட்டை வரம்பில் தடங்கள் அச்சு அச்சாகக் கிடக்கும். யானை போய்விட்டது என்று பெரியவர்கள் சொன்ன பிறகு, அவர்களோடு போய் அளந்து பாருங்கள். தனியே போகக் கூடாது.

அந்தத் தடத்தை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மூன்று, நான்கு தொன் எடையுள்ள மிருகம் மிதித்தும் மண் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. யானையின் எலும்புகளைப் பார்த்தால் அது விரல் நுனியில் நிற்பது விளங்கும். குதிக்காலுக்கு அடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த மெத்தை ஒன்று இருக்கிறது. காலை ஊன்றும்போது அது விரியும், எடையைப் பரப்பிவிடும். தூக்கும்போது சுருங்கும். யானை சத்தமில்லாமல் நடப்பதும் இதனால்தான். சேனைக் காவலுக்குப் பரணில் இருக்கிறவர்கள் யானை பக்கத்தில் வந்த பிறகுதான் கண்டோம் என்று சொன்னால் நம்பலாம்.

சரி, நியூயோர்க்கில் இறங்கிய பத்து யானைக்கும் என்ன நடந்தது? சோடி சோடியாகத் தேரில் பூட்டி புரோட்வே என்ற பெரிய தெருவில் ஊர்வலம் விட்டார்கள். யானைகளை நடத்தத் தெரிந்த இலங்கையர் ஒருவரும் கூடவே போயிருந்தார். பிறகு நான்கு வருசம் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்சி நடந்தது. அதன்பின் பார்னம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரே ஒரு யானையை மட்டும் வைத்துக்கொண்டார். எதற்கு? உழுவதற்கு! பிறிச்போட் என்ற ஊரில் அவருடைய தோட்டம் ரயில் பாதையோரம் இருந்தது. ரயில் வருகிற நேரம் பார்த்து, கிழக்கு நாட்டு உடுப்புப் போட்ட ஒருவர் யானையைக் கலப்பையில் பூட்டி உழுவார். ரயிலில் போனவர்கள் வாயைப் பிளந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. யானையால் உழுதால் இலாபமா என்று கேட்டுக் கமக்காரர்களிடம் இருந்து கடிதங்கள் குவிந்தன. யானை உழுது சம்பாதிப்பதை விட அதன் சாப்பாட்டுச் செலவு பெரிசு, வாங்கிவிடாதீர்கள் என்று பார்னம் பதில் எழுத வேண்டியதாயிற்று. உழவு வெறும் விளம்பரம்தான்.

அமெரிக்காவுக்கு முதலாவது யானை வந்தது 1796இல், கல்கத்தாப் பக்கமிருந்து. அப்போதெல்லாம் யானை சும்மா நின்றாலே போதும், சனம் காசு கொடுத்துப் பார்த்தது. போகப் போகச் சும்மா நிற்கும் யானை அலுத்துவிட்டது. பின்னங்காலில் நிற்க வேண்டும், தலைகீழாக நிற்க வேண்டும், சின்ன வட்டப் பீடத்தில் நான்கு காலையும் ஒடுக்கி வைத்து ஏற வேண்டும் என்று ஆயிற்று.

பழக்கினது எப்படி? யானையின் காலிலும் உடம்பிலும் கயிறு கட்டிக் கப்பி வைத்து இழுப்பார்கள். இழுக்கும்போதே ஒரு சொல்லைச் சொல்வார்கள். கயிறு தூக்க உடம்பு எழும்பும், எழும்பினால் தீனி கிடைக்கும். எழும்பாவிட்டால் அங்குசம் குத்தும். திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் கயிறே வேண்டாம், சொல்லைக் கேட்டதும் யானை எழும்பிவிடும். ஒரு செயலும் அதன் விளைவும் மூளையில் சேர்ந்து பதிவதைத்தான் விஞ்ஞானிகள் பழக்கப்படுத்தல் என்கிறார்கள். அங்குசம் இல்லாமலும் இதைச் செய்ய முடியும். இப்போது பல மிருகக்காட்சிச் சாலைகளில் நீண்ட தடியொன்றின் நுனியில் பந்து மாதிரி ஒன்றைக் கட்டிக் காட்டுகிறார்கள். யானை அதைத் தொட்டால் ஒரு விசில், உடனே ஒரு துண்டுப் பழம். இப்படிப் பழகிய யானை மருந்து போடக் காலைத் தானே நீட்டும்.

ஆண் யானைகளோடு சர்க்கஸ்காரர் படாத பாடு பட்டார்கள். வளர்ந்த ஆணுக்கு ஆண்டில் ஒரு காலம் மதம் பிடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பியில் இருந்து நீர் வடியும், இரத்தத்தில் ஆண் ஓமோன் பல மடங்கு கூடும். அது இயற்கை. காட்டில் அந்த நேரம் மற்ற யானைகள் விலகி நடக்கும். கூடாரத்துக்குள் விலக இடம் ஏது? அடக்க முடியாமல் போய், பல ஆண் யானைகளைக் கொன்றிருக்கிறார்கள். பிறகு பெண் யானைகளையே கூடுதலாக வைத்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், சர்க்கஸ்காரர் யானையிடம் இருந்த பெரிய வித்தையைப் பார்க்கவே இல்லை என்பேன். அதைக் காட்டியது இலங்கைத் தாய் ஒன்றின் பிள்ளை.

1976இல் இலங்கைப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பரிசாக, பின்னவலையில் இருந்து சாந்தி என்ற யானைக்குட்டி வொஷிங்டனில் உள்ள தேசிய மிருகக்காட்சிச் சாலைக்குப் போனது. சாந்தி கெட்டிக்காரியாக இருந்தாள். துதிக்கையால் மவுத் ஓர்கன் பிடித்துத் தானாகவே ஊதுவாள். முடிக்கும்போது கடைசிச் சத்தத்தை நீட்டிப் பலமாக ஊதி முடிப்பாள். அவளுக்கு 2001 நவம்பரில் பிறந்த ஆண் குட்டிக்குத் துட்டகைமுனு மன்னனின் யானையின் பெயரை வைத்தார்கள்: கண்டுல.

கண்டுலவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது விஞ்ஞானிகள் ஒரு சோதனை வைத்தார்கள். மூங்கில் கிளையில் பழங்களைச் செருகி, துதிக்கைக்கு எட்டாத உயரத்தில் கம்பியில் தொங்கவிட்டார்கள். கீழே தடிகளும் பிளாஸ்டிக்கால் செய்த பெரிய சதுரப் பெட்டியும் கிடந்தன. தடியால் தட்டி விழுத்தும் என்று எதிர்பார்த்தார்கள். கண்டுல தடியைத் தூக்கியும் எறிந்தும் விளையாடினான், பழத்தைத் தட்ட முயலவில்லை. ஒரு நாள் போனது, இன்னொரு நாள் போனது. ஏழாவது தடவை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே பெட்டியை நேராக உருட்டி வந்து பழத்துக்குக் கீழே வைத்தான். முன்னங்கால் இரண்டையும் பெட்டியில் வைத்து ஏறினான், துதிக்கையை நீட்டினான், பழம் கைக்கு வந்தது!

பெட்டியை எடுத்து மறைத்துவிட்டார்கள். பெரிய ரயர் ஒன்றை உருட்டி வந்து ஏறினான். கட்டைகளைக் கொடுத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப் பார்த்தான். இந்த ஆய்வு 2011இல் வெளியானது. பீடத்தில் காலை வைத்து ஏறுகிற அதே வேலை, ஆனால் கயிறும் இல்லை, கப்பியும் இல்லை.

தடியை ஏன் பாவிக்கவில்லை? இங்கேதான் விஞ்ஞானிகள் தங்களையே திருத்திக்கொண்டார்கள். நமக்குக் கை வேறு, மூக்கு வேறு. யானைக்கு இரண்டும் ஒன்று. துதிக்கை நுனியால் தடியைச் சுருட்டிப் பிடித்தால், மோப்பம் பிடிக்கும் இடம் அடைபட்டுப் போகும். மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பாடு தேடச் சொன்ன மாதிரித்தான் அது. முன்பு செய்த சோதனைகளில் யானைகள் தோற்றதற்கு, சோதனை மனிதக் குரங்குக்கு ஏற்றபடி இருந்தது காரணமாக இருக்கலாம்.

சர்க்கஸ் பக்கம் திரும்பினால், அமெரிக்காவின் பெரிய சர்க்கஸான றிங்ளிங் 2016 மே முதலாம் திகதி தன் யானைகளைக் கடைசித் தடவையாக மேடையேற்றியது. பிறகு அவற்றைப் புளோரிடாவுக்கு ஓய்வுக்கு அனுப்பினார்கள்.

கண்டுல செய்த மாதிரி யோசிக்கிற யானைகளைப் பார்க்க வொஷிங்டனுக்குப் போகத் தேவையில்லை. வெல்லாவெளிப் பக்கமோ உன்னிச்சைப் பக்கமோ யானை வேலிக்குக் கிட்ட இருக்கிறவர்களைக் கேளுங்கள். வேலிக் கம்பியில் சில ஆயிரம் வோல்ற் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக ஓடும். யானை தொட்டதும் அது உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்கும். ஒவ்வொரு துடிப்பும் கண நேரம்தான் என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நன்றாக உறைக்கும். ஈரமான துதிக்கை நுனியில் பட்டால் இன்னும் உறைக்கும். முதலில் யானை பயந்து விலகும். பிறகு யோசிக்கும். மின்சாரம் ஓடுவது கம்பியில், தூணில் அல்லவே! தூணைத் தள்ளி விழுத்திவிட்டால் கம்பியும் சேர்ந்து படுத்துவிடும். சில யானைகள் பக்கத்தில் நிற்கும் மரத்தை முறித்துக் கம்பி மேல் போடும். தந்தம் உள்ளவை தந்தத்தால் கம்பியை அறுக்கும், தந்தம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நம் நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூடத் தந்தம் இல்லாததால், கூடுதலாக அடி வாங்குவது தூண்தான்.

அதனால் தூணுக்கு முன்னாலும் கம்பி நீட்டிக் கட்டிப் பார்க்கிறார்கள். சில ஊர்களில் இன்னொரு முறை. காட்டு எல்லையில் வேலி போடாமல், ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுகிறார்கள். ஊர் வேலி எப்போதும் நிற்கும். வயல் வேலியை விதைக்கும்போது கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். வெறும் வட்டையில் கிடக்கும் அரிதாளையும் புல்லையும் யானைகள் இறங்கி மேயும். அடுத்த போகத்துக்கு மண்வெட்டி இறங்கும்போது கம்பி மறுபடி ஏறும்.