மலைப் பணிக்கு எந்த ஜீப்?



மலையிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜீப் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற வாஞ்சை பல சபைகளில் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த தொகையும், பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் கைப்பிடி அரிசி விற்றுச் சேர்த்த பணமும் ஒரு வாகனமாக மாறி நோயாளிகளுக்கு உதவுவதைக் காண யாருக்குத்தான் ஆசையிராது? அந்த நேரத்தில் கமிட்டியில் எழும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி வண்டி?" என்பதே. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அந்த வண்டி யாரை, எந்த வழியாக, எத்தனை முறை ஏற்றிச் செல்லப் போகிறது?"

இதற்கு விடை தெரியாமல் வாங்கினால், விலையுயர்ந்த வண்டி ஷெட்டில் நிற்கும். நோயாளியை உறவினர்கள் டோலி கட்டித் தூக்கி வருவார்கள். ஆகவே வண்டியைத் தெரிந்தெடுக்கும் விதத்தை இங்கே எளிமையாக விளக்குகிறோம்.

மலை ரோடு வேறு, மண் பாதை வேறு

மலை என்றதும் நான்கு சக்கரங்களும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் ரோட்டில் 40 வளைவுகள். இரண்டும் தார் ரோடுகள். நாள்தோறும் பஸ்கள் ஏறி இறங்குகின்றன. அந்தப் பஸ்களில் பின்சக்கரங்கள் மாத்திரமே இழுக்கின்றன.

இப்படிப்பட்ட ரோட்டுக்கு வேண்டியவை நல்ல பிரேக், தேயாத டயர், ஏற்றத்தில் திணறாத எஞ்ஜின், குறுகிய இடத்தில் திரும்பும் வசதி ஆகியவையே. ஃபோர் வீல் டிரைவ் ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. சாதாரண வண்டியானாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. இறக்கத்தில் நோயாளியைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது சின்ன கியரும் நிதானமான டிரைவருமே.

தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில்தான் கதை மாறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் செம்மண் வழுக்கும், தடம் பள்ளமாகும், காட்டாறு தரைப்பாலத்தின் மேல் ஓடும். அந்தப் பாதை எவ்வளவு தூரம், வருஷத்தில் எத்தனை நாள் அப்படி இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்கிறது?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். ஆனால் அதனால் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மாத்திரம் சும்மா சுழலும். கெட்டியான தரையிலுள்ள மற்றச் சக்கரம் அசையாது. ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரங்களுக்கும் சக்தி போகிறது. வண்டி பெரும்பாலும் வெளியே வந்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் பிடிமானம் இழந்தால் அதுவும் நின்றுபோகும். அப்போது கைகொடுப்பது டிஃபரன்ஷியல் லாக்.

இன்னொன்று லோ கியர். ஆள் நடக்கும் வேகத்தில், எஞ்ஜின் நின்றுவிடாமல், செங்குத்தான கல் பாதையில் ஏறவும் இறங்கவும் இது உதவும். விளம்பரத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் என்று போட்டிருந்தாலும், லோ கியர் இல்லாத வண்டிகள் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேவைப்படும்போது மாத்திரம் ஃபோர் வீல் போடுகிற வகை வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் அப்படியே ஓட்டக்கூடாது. முன், பின் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கி, டயரும் கியர் பாகங்களும் வீணாகும். புதிதாகச் சேரும் டிரைவருக்கு முதலாவது கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். மஹிந்திரா பொலேரோவில் இது 180 மில்லிமீட்டர். மாருதி ஜிம்னியில் 210. மஹிந்திரா தாரில் 226. லாரி சக்கரங்கள் ஆழமாகப் பள்ளம் பறித்த பாதையில் சில விரற்கடை வித்தியாசமும் பெரிது. ஆனால் வண்டி உயர உயர, அது சாயும் அபாயமும் கூடும். மேல் கேரியரில் மூட்டைகளை ஏற்றி வளைவில் வேகமாகத் திரும்புவது ஆபத்து.

படுத்திருக்கும் நோயாளிக்கு இடம் உண்டா?

கமிட்டிகள் பெரும்பாலும் மறந்துபோகும் கேள்வி இது. 2020-இல் புதிய வடிவில் வந்த மூன்று கதவுத் தாரும், 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியும் மண் பாதையில் திறமையான வண்டிகள். இரண்டிலும் நால்வர்தாம் உட்காரலாம். டாக்டர், நர்ஸ், டிரைவர், மருந்துப் பெட்டி என்று கிராமக் கிளினிக்குக்குப் போக இது போதும். பிரசவ வலியால் துடிக்கும் தாயை ஆறடிக்கு மேல் நீளமுள்ள ஸ்டிரெச்சரில் படுக்க வைத்து, பக்கத்தில் நர்ஸும் உறவினர் ஒருவரும் உட்கார இவற்றில் வழியில்லை.

பொலேரோவும் ஃபோர்ஸ் டிராக்ஸும் இந்த வேலைக்கு நீண்ட காலமாகப் பழக்கமானவை, ஆம்புலன்ஸாகவும் கிடைக்கின்றன. 2024-இல் வந்த ஐந்து கதவு ஃபோர்ஸ் கூர்க்காவில் ஏழு பேர் உட்காரலாம். தரை இடைவெளி 233 மில்லிமீட்டர். லோ கியரும், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக்கும் உண்டு. மண் பாதைக்கு இவ்வளவு வசதி சேர்ந்திருப்பது அரிது. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,825 மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டி குறுகிய வளைவில் ஒரே திருப்பில் போகுமா என்று அந்த இடத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்டிரெச்சரை வைத்தால் எந்த வண்டியும் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது. ஆம்புலன்ஸ்களுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற தர விதிகள் உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எப்படிப் பதிவு செய்வது என்பதைப் பணம் கொடுக்குமுன்பே விசாரிப்பது நல்லது.

லாக் புத்தகத்தைப் பாருங்கள்

சரியான விடை ஆஸ்பத்திரியின் லாக் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வண்டி மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 1,860 தார் ரோடு, 110 ஜல்லி ரோடு, 30 மண் பாதை. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஃபோர் வீல் டிரைவ் வீண் செலவு என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த 30 கிலோமீட்டரில் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அது மாதம் ஒருமுறை தடுப்பூசி போடப் போகும் பயணமானால், மழை விட்ட நாளில் போகலாம். நர்ஸ் மோட்டார் சைக்கிளில்கூடப் போய் வரலாம். அது இரவில் பிரசவத்துக்கு வரும் தாய்மாருக்கான பயணமானால், நாள் பார்க்க முடியாது. அப்போது அந்த 30 கிலோமீட்டரே மற்ற 1,970 கிலோமீட்டரையும்விட முக்கியமானது. நாம் வாங்கும் வண்டி அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. மலைக் கிராமங்கள் பலவற்றில் விளைச்சலையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் உள்ளூர் ஜீப்காரர்கள் இருக்கிறார்கள். பாதையின் ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருடன் வாடகை பேசி வைத்து, தார் ரோடு தொடங்கும் இடத்தில் சாதாரண ஆம்புலன்ஸை நிறுத்தினால், குறைந்த செலவில் அதிகம் பேர் பயனடையலாம்.

டீசல் கணக்கையும் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 2,000 கிலோமீட்டருக்கு 200 லிட்டர் வேண்டும், 12.5 ஓடும் வண்டிக்கு 160 லிட்டர் போதும். வருஷத்துக்கு 480 லிட்டர் வித்தியாசம். தேவையென்றால் தாராளமாய்ச் செலவிடலாம். தேவையில்லையென்றால் அது மருந்து வாங்க வேண்டிய பணம்.

பழுதானால் யார் பார்ப்பார்?

மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது. 2019-இல் பொதுமக்களுக்கு விற்பது நின்றது. 1994-இல் வந்த டாடா சுமோவும் 2019-இல் நின்றது. இரண்டும் உழைத்த வண்டிகள். பழைய வண்டியாக மலிவாய்க் கிடைத்தால், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

ஆப்பிரிக்க மிஷன் ஆஸ்பத்திரிகளின் படங்களில் வெள்ளை நிற டொயோட்டா லேண்ட் குரூஸரைப் பார்த்திருப்பீர்கள். 1984 முதல் வரும் அந்த 70 வரிசை வண்டிக்கு அங்கே நல்ல பெயர் உண்டு. வண்டி வலுவானது என்பது மாத்திரம் காரணமல்ல. அதன் பாகங்களும் அதை அறிந்த மெக்கானிக்கும் அங்கே பல ஊர்களில் கிடைப்பதும் காரணம். இந்தியாவில் டொயோட்டா அதை விற்பதில்லை. அங்கே சிறந்த வண்டி இங்கே பாரமாகிவிடும்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அவ்வப்போது சீரான வேகத்தில் சற்று நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தினமும் சில கிலோமீட்டர் மெதுவாக மாத்திரம் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். டிரைவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கமிட்டி கேட்க வேண்டியவை

1. கடந்த ஒரு வருஷ லாக் புத்தகப்படி மண் பாதையில் எத்தனை பயணங்கள்? அவற்றில் அவசரப் பயணங்கள் எத்தனை?
2. வண்டியில் வருவோர் உட்கார்ந்து வருவார்களா, படுத்து வருவார்களா?
3. அருகிலுள்ள மெக்கானிக்குக்கு இந்த வண்டி பழக்கமானதா?
4. மழைக்காலத்தில் அதே பாதையில் ஓட்டிப் பார்த்தாயிற்றா?
5. டிரைவர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. ஆகிய செலவுகளை ஆண்டுதோறும் யார் தாங்குவார்?

ஐந்தாவது கேள்வியைச் சபையார் சிறப்பாய்க் கவனிக்கும்படி வேண்டுகிறோம். சேறு வெட்டும் டயர் நான்கு, இழுவைக் கயிறு, மண்வெட்டி, பயிற்சி பெற்ற டிரைவர் இவற்றுக்குக் கொடுக்கும் காணிக்கையை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஏற்கெனவே நிற்கும் வண்டியை மலைக்கு ஏற்றுவது பல சமயங்களில் அதுவே. உண்மையான உக்கிராணத்துவம் விலைப் பட்டியலில் தொடங்குவதில்லை. தேவையை விசாரிப்பதில் தொடங்குகிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், நீங்கள் தாங்குகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். வரும் பதிலே எந்த வண்டி என்பதைச் சொல்லிவிடும்.