பெயர் தெரியாத ரோஜாவுக்கு ஒரு குச்சி போதும்



"எங்க வீட்டு ரோஜாவுக்கு என்ன பேருங்க?" செடி வளர்ப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே வந்துவிடும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த அம்மாமார்கள். லயத்து வீட்டு வாசலில் நின்ற செடி, பிழைப்புத் தேடி வந்தபோது கம்போங் மேடான் பக்கத்துப் பலகை வீட்டுக்கு வந்தது. பலகை வீடு உடைபட்டபோது ஒரு பழைய டின்னில் ஏறி அடுக்குமாடிக்கு வந்தது. பெயர்ச்சீட்டு எதுவும் கூட வரவில்லை.

பெயர் தெரியாதது பெரிய குறை அல்ல. அந்தச் செடி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதுதான் ஆபத்து. ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் தொட்டி காய்ந்து கிடக்கும். வளர்த்த அம்மா போய்விட்டால், செடியும் பின்னாலேயே போய்விடும். ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: முதலில் குச்சி வையுங்கள். பெயரைப் பிறகு தேடலாம்.

குச்சி வைப்பது எப்படி?

பூத்து முடிந்த கிளையைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் கனம் இருந்தால் போதும். இளந்தளிர் அழுகிவிடும், முற்றிய கட்டை சுலபத்தில் வேர் விடாது. காலையில், செடி நன்றாக நீர் குடித்திருக்கும் நேரத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று நான்கு கணுக்கள் இருக்கட்டும். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக இருக்க வேண்டும். வேர் அதிகமாகக் கிளம்புவது கணுவை ஒட்டித்தான்.

கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். மணலும் கருக்கிய உமியும் சம அளவில் கலந்தால் நீர் தேங்காது. பூச்செடிக் கடையில் விற்கும் வேர் ஊக்கி மாவு இருந்தால் அடியில் தொட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் பழைய ரகங்கள் பல சுலபமாகவே வேர் பிடிக்கும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட்டு, அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மூடுங்கள். வேர் இல்லாத குச்சியால் மண்ணிலிருந்து போதிய நீரை எடுக்க முடியாது. உள்ளே ஈரக் காற்று நின்றால்தான் இலை வாடாது.

நம் ஊரில் பலர் தோற்பது இங்கேதான். மூடிய போத்தலை வெயிலில் வைத்தால் குச்சி வெந்துவிடும். வெளிச்சம் படும், வெயில் படாத அடுக்குமாடி நடைவழி இதற்கு நல்ல இடம். ஆனால் தடுப்புச் சுவரின் மேல் தொட்டியை வைக்காதீர்கள். கீழே நடந்து போகிறவர்களின் உயிர் முக்கியம். தொட்டிக்கு அடியில் தட்டும் வேண்டாம். தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு சுமார் ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும்.

புதுத் தளிர் வந்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்திலிருந்தும் தளிர் வரும். பிடுங்கிப் பார்த்தால் வந்த வேரும் அறுந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருந்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் வந்துவிட்டது. பிறகு போத்தலைத் தினமும் சிறிது நேரம் திறந்து, வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். ஒரு குச்சி போதும் என்று தலைப்பில் சொன்னாலும் ஆறு குச்சியாக வையுங்கள். எல்லாமே பிழைப்பதில்லை.

செடி வளர்ந்த பின் நம் மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி வரும். அது ஒரு பூஞ்சை. இலை பல மணி நேரம் நனைந்தே இருந்தால்தான் உள்ளே நுழையும். அதனால் காலையில், வேருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி பெயரைத் தேடுவோம்

முதலில் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே முண்டு போல வீங்கியிருந்தால் அது ஒட்டுச்செடி. "சிவப்பு ரோஜாதான் வாங்கினேன், இப்போ கொத்துக் கொத்தா வெள்ளைப் பூ பூக்குது, யாரோ கண் வச்சிட்டாங்க" என்று சொல்வார்கள். கண்ணும் இல்லை, காற்றும் இல்லை. மேலே ஒட்டிய ரகம் பட்டுப்போய், அடியில் இருந்த காட்டு ரகம் தழைத்துவிட்டது. முண்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை அவ்வப்போது நீக்கினால் இது நடக்காது. குச்சியில் வளர்ந்த செடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. வேரும் பூவும் ஒரே ரகம்.

அடுத்து இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். அங்கே சீப்புப் பல் போல நார் நாராக இருந்தால், ஒட்டுக்கு அடிச்செடியாகப் பயன்படும் மல்டிஃபுளோரா இனத்தின் கலப்பு இருக்கலாம். ஆண்டு முழுவதும் பூத்து, தண்டு மெலிந்து, முள் குறைந்து, தளிர் செம்மையாக இருந்தால் சீன ரோஜாவின் வழி வந்ததாக இருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குப் போன இந்த இனத்தில் சில, கல்கத்தா வழியாகப் போனதால் 'வங்காள ரோஜா' என்றும் பெயர் பெற்றன. குளிர்காலம் கண்டால்தான் பூக்கும் ஐரோப்பிய ரகங்கள் நம் வெப்பத்தில் அவ்வளவாகப் பூப்பதில்லை. ஆகவே இங்கே தலைமுறை தாண்டி நிற்கும் செடி, வெப்பத்தைத் தாங்கிய வம்சம்.

பெயர்கள் எப்படி உருமாறுகின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாலைக்குப் பயன்படும் 'எட்வர்ட் ரோஜா' என்றதும், ஏதோ ஆங்கிலேய அரசர் பெயர் என்று தோன்றும். ஆனால் வேளாண் நூல்கள் அதை 'ரோசா போர்போனியானா' என்று குறிக்கின்றன. போர்போன் என்பது இன்றைய ரீயூனியன் தீவின் பழைய பெயர். சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் அங்கே இயற்கையாகக் கலந்து பிறந்த ரோஜாவைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ரோஸ் எடுவார்' என்றார்கள். அந்த எடுவார்தான் நம்மிடம் எட்வர்ட் ஆனார் என்பது ரோஜா வல்லுநர்கள் சொல்லும் விளக்கம். கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிப் போன தீவும் அதுவே.

பெயர் கிடைக்கவே இல்லை என்றால்? அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்றொரு சிறு தீவு இருக்கிறது. அங்கே 1954-இல் தொடங்கிய ரோஜா சங்கத்தினர், பெயர் தெரியாத பழைய ரோஜாக்களை 'மர்ம ரோஜாக்கள்' என்று சொல்லிக் காத்து வருகிறார்கள். செடி கிடைத்த ஊரையோ, வளர்த்தவரையோ வைத்துத் தற்காலிகப் பெயர் சூட்டுகிறார்கள். பதிவு பெற்ற ரகத்தின் பெயரை ஒற்றை மேற்கோள் குறியிலும், இப்படிச் சூட்டிய பெயரை இரட்டை மேற்கோள் குறியிலும் எழுதுவது உலக ரோஜா ஆர்வலர்களின் வழக்கம். உண்மைப் பெயர் தெரியும்வரை இந்தப் பெயரே அடையாளம்.

நாமும் அதைச் செய்யலாமே? "கம்போங் மேடான் இளஞ்சிவப்பு" என்றோ, பாட்டியின் பெயரையோ வைக்கலாம். மொட்டு, பூவின் முன்புறம், பின்புறம், இலை, முள் எல்லாவற்றையும் ஓர் அடிக்கோலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் 'ரோஜா' என்பதோடு நின்றுவிடும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்பதைச் செயலி சொல்லாது. அம்மாதான் சொல்ல வேண்டும். இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகி இருக்கலாம். அங்கே போய்க் கேட்க ஆள் இருக்காது.

வேர் பிடித்த குச்சிகளில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அக்கம்பக்கத்தாருக்கும், கிள்ளானில் இருக்கும் தங்கைக்கும் கொடுங்கள். உங்கள் தொட்டி ஒருநாள் காய்ந்து போனாலும், அவர்கள் வீட்டிலிருந்து ஒரு குச்சி திரும்பி வரும். கொடுத்து வைத்த செடிதான் நிலைத்திருக்கும், நேயர்களே.